இல்லடு கள்ளும் கல்கத்தாச் சர்பத்தும்: சமையலறைப் பானங்களின் சொல்லும் வரலாறும்

சங்க இலக்கியத்தில் இடம்பெறும் குடிவகைகள் குறித்துத் தமிழாய்வில் எழுதப்பட்டவை பலவாகும். வேந்தன் பாணர்க்கு வழங்கிய தேறல், யவனர் கலத்தில் வந்த தேறல், வெட்சி மறவர் உண்ட கள், பிற்கால அறநூலார் கடிந்த கள் என உண்ணும் நிலையிலேயே அவை பெரிதும் நோக்கப்பட்டன. அவை எங்கே ஆக்கப்பட்டன, யாரால் ஆக்கப்பட்டன, எவ்வாறு ஆக்கப்பட்டன என்னும் வினாக்கள் அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. உண்டாட்டு ஒரு துறையாகப் புறத்திணையில் இடம்பெற்றுவிட்டமையால், ஆக்கும் தொழில் ஆய்வாளர் கண்ணில் பின்தங்கிப்போயிற்று எனக் கருதலாம். வீட்டுச் சமையலறையில் பழம், தானியம், வேர், சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு பானம் ஆக்கும் தொழிலைத் தமிழ்ச் சொற்களின் வழியும், கொல்கத்தா நகரின் வரலாற்றுச் சான்றுகளின் வழியும் ஒருசேர நோக்குவது இக்கட்டுரையின் முயற்சி. கொல்கத்தாவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வீட்டுப் பானக் கலையை அச்சு நூலாக்கிய நகரங்களுள் அது ஒன்று. சர்பத்து, பஞ்சு, பச்சாய், அரிஷ்டம், திராட்சை ஒயின் ஆகிய அனைத்தும் சில கல் தொலைவுக்குள் தம் தம் வரலாற்றோடு அங்கே வாழ்ந்துவந்துள்ளன.

சொற்கள் காட்டும் தொழில்

கள்ளைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களைப் பட்டியலிட்டு அனைத்திற்கும் 'கள்' என ஒரே பொருள் எழுதிச் செல்வது பள்ளி உரைகளின் வழக்கம். இவ்வழக்கம் ஒரு பெருஞ்செல்வத்தை மறைத்துவிடுகிறது. பிழி என்பது பிழியப்பட்டது. அரியல் என்பது அரிக்கப்பட்டது, அதாவது வடிகட்டப்பட்டது. தேறல் என்பது தேறியது; கலங்கல் அடியில் தங்க, மேலே தெளிந்து நின்ற நீர்மம். நறவு நறுமணத்தால் பெயர் பெற்றது. ஊறல் ஊறவைக்கப்பட்டது. ஊறவைத்தல், பிழிதல், அரித்தல், தெளியவிடுதல் என்னும் நான்கு செயல்களும் இன்றும் எந்தப் பழச்சாற்றையும் எந்த மூலிகைப் பாகையும் ஆக்குவோர் அதே வரிசையில் செய்பவை. பானத்தின் பெயர் என நாம் கொண்டிருப்பவை உண்மையில் அடுக்களைச் செய்முறையின் படிநிலைகள்.

அரித்தற்குரிய கருவியாகிய நெய்யரியைத் தமிழ்ப் புலவர் மறந்திருக்க இயலாது. நல்லதை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்ளும் மாணாக்கனுக்கு நன்னூலார் அதனை உவமையாக்கினார். பாவம், அக்கருவி தன் கடமையையே செய்தது! பனையின் பன்னாடையும் இதே பணிக்கு உதவியது. அதுவும் இன்று ஒரு வசைச்சொல்லாகவே நகரத்தாருக்கு அறிமுகம்.

இவற்றினும் குறிப்பிடத்தக்கது 'அடுதல்' என்னும் வினை. சோறு அடுதலும் கள் அடுதலும் ஒரே வினையால் குறிக்கப்பட்டன. அடுப்பு, அடிசில், அடுகலம், அட்டில் என்னும் சொற்குடும்பத்துள் கள்ளும் இயல்பாக அமர்ந்திருந்தது. பெரும்பாணாற்றுப்படையின் 142-ஆம் அடி, எயினர் உண்ட தோப்பியை இல்லில் அடப்பட்ட கள் என்றே அடைகொடுத்துச் சொல்கிறது. தோப்பி நெல்லால் ஆக்கிய கள் என உரைகாரர் கொள்வர். 'இல்லடு' என்னும் அடை நோக்கத்தக்கது. இல்லில் அடாத கள்ளும் இருந்தது, வேறுபாடு கேட்போர்க்குத் தெரிந்திருந்தது என்பது அதனால் பெறப்படும். அதே நூலின் 339-ஆம் அடி 'கள்ளடு மகளிர்' எனத் தொழில் செய்வோரையே பெயரிட்டுக் காட்டுகிறது. அவர்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகி, அச்சேற்றில் பன்றி குட்டிகளோடு புரளும் காட்சி அங்கே விரிகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்குத் தொழிற்களத்தின் கழிவுநீர் வரை தெரிந்திருக்கிறது. அகநானூற்றின் 157-ஆம் பாடலிலும் அரியல் விற்கும் பெண்டிர் வருகின்றனர். ஆக்குதலும் விற்றலும் மகளிர் தொழிலாய் இருந்தமைக்கு இவை போதிய சான்றுகள்.

பெரும்பாணாற்றுப்படையின் சாடி

இனி அதே நூலின் 275 முதலான அடிகளைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வலைஞர் குடியிருப்பில் பாணர் பெறும் விருந்தைக் கூறும் இடம் அது. தமிழில் நமக்குக் கிடைக்கும் பானச் செய்முறைக் குறிப்புகளுள் இத்துணை நிரல்பட அமைந்தது வேறொன்று இல்லை. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குவர். வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுவர். ஆறியபின் அடையைப் பிசைந்து சேர்ப்பர். வலிய வாயை உடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைப்பர். பச்சைத் தன்மை நீங்கி விளைந்தபின் வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்து அரித்துப் பிழிவர். கூழ் ஆறியபின்னரே அடை சேர்க்கப்படும் என்பதில் உள்ள நுட்பம் பெரிது. சூட்டில் நொதி மடியும். நுண்ணுயிரைப் பற்றிய அறிவு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கைப்பழக்கம் அந்த எல்லையைக் கண்டறிந்திருந்தது.

அந்த அடை யாது? முளைநெல்லை இடித்துச் சேர்த்த அடை எனப் பொருள் கூறுவது வழக்கம். முளைவிட்ட தானியத்தில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதி உண்டு; அவ்வகையில் இவ்வுரை பொருந்துவதே. ஆயினும் புலவர் அவ்வடைக்குத் தரும் உவமையும் அடைமொழியும் வேறொரு திசையையும் காட்டுகின்றன. பாம்பு உறையும் புற்றின் குரும்பியை அது ஒக்குமாம். அதன் புறம் 'பூம்புறம்' எனப்படுகிறது. குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கறையான் புற்றினுள் தான் வளர்க்கும் பூஞ்சையின் பாத்தி அது. துளைகள் நிறைந்த அடையாய், மேற்பரப்பில் வெண்ணிறச் சிறு முண்டுகள் பூத்தாற்போலத் தோன்றும். தமிழில் இன்றும் பூசணம் 'பூத்தது' என்றே சொல்கிறோம். வங்காளத்தின் மேற்கு மாவட்டங்களிலும் சோட்டா நாகபுரிப் பகுதியிலும் வாழும் சந்தால் மக்கள் ஹாண்டியா என்னும் அரிசிக் கள்ளை ஆக்க, அரிசிமாவையும் மூலிகை வேர்களையும் பிசைந்து உருட்டி உலர்த்திய ரானு என்னும் வில்லைகளைப் பயன்படுத்துகின்றனர். அவ்வில்லையில் பூஞ்சையும் ஈஸ்ட்டும் குடியிருக்கும். புறத்தே வெண்பூச்சுப் படரும். சமைத்த சோற்றை ஆற்றி, வில்லையைப் பொடித்துத் தூவி, பானையில் சில நாள் வைத்து, நீர் சேர்த்து வடிப்பர். உருத்திரங்கண்ணனார் கூறும் நிரலும் இந்நிரலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே 'நல்லடை' என்பது முளைநெல் அடையாக மட்டுமன்றி, பூஞ்சை பூத்த வித்தடையாகவும் இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. உரையை மறுப்பதற்காக இது கூறப்படவில்லை. முளைநெல் மாவில் பூஞ்சை பூக்கவிட்டு இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தியிருக்கவும் கூடும். எவ்வாறாயினும் குரும்பி உவமை வெறும் வடிவ உவமையன்று என்பது என் துணிபு.

வங்காளிகள் இவ்வரிசிக் கள்ளைப் பச்சாய் என்பர். ஆங்கில ஆவணங்களில் அது பச்வாய் என வழங்கும். அழுகுதல், புளித்துக் கெடுதல் என்னும் பொருளுடைய வினையோடு அச்சொல் தொடர்புடையது. சந்தாலி வழக்கில் ஹாண்டியா பானையால் பெயர் பெற்றது. தமிழரோ அதனை அடுதல், தேறுதல் என்னும் வினைகளால் பெயரிட்டனர். ஒரே பொருளை ஒரு மொழி கெட்டதாகவும் இன்னொரு மொழி சமைந்ததாகவும் காண்பது ஒப்பாய்வுக்குரிய செய்தி.

மணப்பாகு, தேனூறல், தீநீர்

போதை தராத இன்பானங்களும் இதே அடுக்களையில் உருவாயின. பானகம் எல்லாரும் அறிந்தது: வெல்லம், சுக்கு, ஏலம், சில இடங்களில் எலுமிச்சை. இராமநவமியன்று நீர்மோரோடு வழங்கப்படும் இப்பானத்தின் பெயரும், வங்காளத்தில் வில்வப்பழக் கூழைக் கரைத்து ஆக்கும் 'பேல் பானா'வின் பெயரும் 'பானக' என்னும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. சர்பத்து அரபு மொழியில் பருகுதலைக் குறிக்கும் வேரினின்று பாரசீகத்தின் வழி வந்தது. ஆங்கிலத்தின் சிரப்பு என்னும் சொல்லும் அவ்வேரின் கிளையே.

சிரப்புக்குத் தமிழில் சொல் இல்லை என எண்ணி 'இனிப்புக் கரைசல்' முதலான சொற்களைக் கலைச்சொல்லாக்கம் செய்தோர் உண்டு. சித்த மருத்துவத்தில் அதற்கு மணப்பாகு என்னும் அழகிய சொல் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அம்மருத்துவம் அகமருந்துகளை 32 வகையாகப் பகுக்கும். அவற்றுள் சாறு, குடிநீர், மணப்பாகு, தேனூறல், தீநீர் ஆகியன நம் பொருளுக்கு நேரடியாக உரியவை. சாறும் குடிநீரும் ஒரு சாமத்துக்குமேல் நில்லா. மணப்பாகு ஆறு மாதம் நிற்கும் என்பது அம்மருத்துவம் தரும் கால எல்லை. காரணம் சர்க்கரையின் செறிவு. ஒரு பங்கு சாற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு சர்க்கரை சேர்த்துப் பாகு காய்ச்சினால் கரைசலில் சர்க்கரை எடையளவில் 65 விழுக்காட்டை எட்டும். அச்செறிவில் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நீரைப் பெற இயலாமல் அடங்கிவிடும். சர்க்கரை குறைந்தால் அதே பாகு நுரைத்துப் பொங்கும். அப்போது அது கள்ளாகும் வழியில் கால்வைத்துவிட்டது என்று பொருள். மணப்பாகுக்கும் மதுவுக்கும் இடையே உள்ள தொலைவு சில கைப்பிடிச் சர்க்கரைதான். பதநீர்க்கும் கள்ளுக்கும் இடையே இருப்பது கலயத்தில் தடவிய சுண்ணாம்பு.

மாதுளை மணப்பாகும் ஆடாதோடை மணப்பாகும் தமிழ் வீடுகளில் பழகியவை. நன்னாரி வேரை இடித்து ஊறவைத்துப் பாகாக்கிய சர்பத்தைத் தென்மாவட்டங்களில் அறியாதார் இல்லை. நன்னாரியை வங்காளத்தில் 'அனந்தமூல்' என்பர். அங்கும் அது கவிராஜரின் குருதி தூய்க்கும் மருந்து. தேனூறல் தேனில் ஊறிய இஞ்சி, நெல்லி போன்றவை. 'ஊறல்' என்னும் இதே சொல் இன்று நாளிதழ்களில் காவல்துறையால் அழிக்கப்படும் சாராயப் பேரலைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஊறுகாயும் தேனூறலும் சாராய ஊறலும் ஒரு வேரின என்பதைச் செய்தி படிப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தீநீர் வாலையில் இட்டு ஆவியாக்கி இறக்கிய நீர். ஓமத்தீநீர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புறநானூற்றின் 24-ஆம் பாடலிலும் தீநீர் என்னும் சொல் வருகிறது. ஆங்கே அது இனிய நீராகிய இளநீர். ஒலியால் ஒன்றாயினும் இவ்விரண்டையும் மயங்கிப் பொருள் கொள்ளலாகாது. சங்கப் பாடலை வைத்து அக்காலத் தமிழர் காய்ச்சி வடித்தல் அறிந்திருந்தனர் என நிறுவ முயல்வது வழுவில் முடியும். நிலத்தில் புதைத்து முதிர்வித்த மட்டின் தேறலும் (புறம். 120), மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலும் (புறம். 129) நொதித்து முதிர்ந்தவையே, வாலையில் இறங்கியவை அல்ல.

கங்கைக் கரையில்

ஐரோப்பிய வணிகர் வந்தபோது அவர்கள் கலங்களில் வந்த ஒயின் நம் வெப்பத்துக்குத் தாங்கவில்லை. கரையில் கிடைத்ததைக் கொண்டு அவர்கள் ஆக்கிய கலவையே பஞ்சு. அச்சொல் காணப்படும் மிகப் பழைய ஆங்கிலச் சான்றாகக் காட்டப்பெறுவது 1632-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. சோழமண்டலக் கரையின் வடபகுதியில், இன்றைய ஆந்திரத்தின் நிஜாம்பட்டினமாகிய பெட்டப்பொலியில் இருந்த கும்பினிப் பணியாளர்க்கு எழுதப்பட்டது. 1660-களில் வங்காளத்துக்கு வந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே அப்பானத்தின் உள்ளுறையைக் குறித்துவைத்தார்: கருப்புச் சர்க்கரையில் வடித்த சாராயம், எலுமிச்சைச் சாறு, நீர், சிறிது சாதிக்காய். சுவைக்கு நன்று, உடலுக்குக் கேடு என்பது அவர் தீர்ப்பு. சாராயத்தை நீக்கி வெல்லத்தைச் சேர்த்தால் அது ஏறத்தாழப் பானகம் ஆகிவிடும். ஐந்து என்னும் பொருளுடைய 'பஞ்ச' என்பதே பஞ்சு ஆயிற்று என்னும் சொற்பிறப்பு பலகாலமாகச் சொல்லப்படுகிறது; அது ஐயத்துக்கு இடமானதே. 18-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவின் லால்பஜார்ப் பகுதியில் மாலுமிகளுக்கான பஞ்சு விடுதிகள் மலிந்திருந்தன. பின்னாளில் நகரக் காவல்துறையின் தலைமையகம் அதே லால்பஜாரில் அமைந்தது.

பணம் படைத்த ஆங்கிலேயர் இல்லங்களில் பானத்தைக் குளிர்விப்பதற்கென்றே ஆப்தார் என்னும் ஏவலர் இருந்தார். வெடியுப்பு நீரில் கரையும்போது வெப்பத்தை ஈர்க்கும் இயல்பைக் கொண்டு புட்டிகளைக் குளிர்விப்பது அவர் கலை. 1833-ஆம் ஆண்டு மே மாதம் பாஸ்டனிலிருந்து 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்ட டஸ்கனி என்னும் கப்பல் செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. ஆப்தாரின் கலைக்கு அன்றே முடிவு தொடங்கிற்று. அவ்வணிகத்தின் சென்னைக் கிடங்காக 1842-இல் எழுந்ததே ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் தங்கி, இன்று அவர் பெயரால் வழங்கும் இல்லம் அதுவே.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் தாக்கர் ஸ்பிங்க் நிறுவனம் வெளியிட்ட 'தி இந்தியன் குக்கரி புக்' என்னும் நூல் நம் பொருளுக்கு முதன்மையான சான்று. ஆசிரியர் தம் பெயரை வெளியிடாமல், முப்பத்தைந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர் என்று மட்டும் தம்மைக் குறித்துக்கொள்கிறார். மூன்று மாகாணங்களின் சமையலறைக்கும் ஏற்றது எனக் கூறும் அதன் நெடிய தலைப்பிலேயே, கோடைப் பானங்களுக்கும் வீட்டில் ஆக்கும் லிக்கர்களுக்கும் உரிய செய்முறைகள் அடங்கியது என்னும் தொடர் இடம்பெற்றிருக்கிறது. லிக்கர் என்பது நொதிக்கவைத்து ஆக்குவதன்று. முன்னரே வடித்த மதுவில் பழத்தோலையோ விதையையோ நறுமணப் பொருளையோ ஊறவைத்து, பாகு சேர்த்து, வடிகட்டி, தெளியவிட்டு எடுப்பது. ஊறல், பிழி, அரியல், தேறல் என்னும் நம் பழஞ்சொற்களின் வரிசை இங்கே ஒருபடியும் பிறழாமல் வருவதைக் காணலாம். ஆங்கிலேயர் கல்கத்தாவில் ஒயின் ஆக்காமல் ஊறல் ஆக்கியதற்குக் காரணம் தட்பவெப்பம். வங்காளத்துக் கோடையில் திறந்த சாடியில் நொதிக்கும் சாறு விரைவில் காடியாகிவிடும். மதுவில் ஊறியது கெடாது. மேலும் இதற்குத் தனித்திறன் வேண்டா, பொறுமை போதும்.

மற்றொரு மரபு உலர்திராட்சையினது. பாக்தாத்திலிருந்து வந்து கல்கத்தாவில் குடியேறிய யூதர்கள் ஓய்வுநாள் வழிபாட்டுக்கு வேண்டிய திராட்சை இரசத்தை உலர்திராட்சையைக் கொண்டு வீட்டிலேயே ஆக்கினர். சமயத் தூய்மை கருதிப் பிறர் ஆக்கிய ஒயினை அவர்கள் ஏற்பதில்லை. தமிழ்க் கிறித்தவ வழக்கிலுள்ள 'திராட்சரசம்' என்னும் சொல் புளிக்காத சாற்றையும் புளித்த ஒயினையும் ஒருங்கே தழுவி நிற்பது. மொழிபெயர்ப்பாளர்க்கு வாய்த்த நற்பேறு என்றே அதனைச் சொல்லவேண்டும்.

சித்தரஞ்சன் நிழற்சாலைக்கு அருகே போபஜார்ப் பகுதியில் உள்ள போ பாரக்ஸ் செங்கற் குடியிருப்பு முதல் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்க்கென எழுப்பப்பட்டது. போருக்குப்பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அங்கே வாடகைக்குக் குடியமர்ந்தன. கிறித்துமசுக்கு முன் அவ்வீடுகளில் கேக்கோடு திராட்சை ஒயினும் இஞ்சி ஒயினும் ஆக்கப்படும். இவ்வினத்தார் வீடுகளில் வழங்கும் முறை பொதுவாக இது: கருந்திராட்சையை நசுக்கிச் சர்க்கரையும் சிறிது ஈஸ்ட்டும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்துப் பீங்கான் சாடியில் இட்டுத் துணியால் வாய்கட்டுவர், நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, மூன்று வாரம் கழித்து வடித்து, தெளியவிட்டுப் புட்டியில் அடைப்பர். நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரைப் பாகு சேர்ப்பதும் உண்டு. இஞ்சி ஒயின் சில வீடுகளில் நொதிப்பதே இல்லை. இஞ்சி, மிளகாய், எலுமிச்சை, சர்க்கரை சேர்ந்த மணப்பாகுதான் அது. பெயர் மட்டும் ஒயின். இங்கும் சாடியின் பொறுப்பாளர் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்டிரே. பெரும்பாணாற்றுப்படையின் வல்வாய்ச் சாடிக்கும் போ பாரக்சின் சாடிக்கும் இடைப்பட்ட காலம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. யாழ்ப்பாணத்தில் தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவியர் நெல்லிரசமும் திராட்சை ஒயினும் ஆக்கிவந்ததை ஈழத்தமிழர் இன்றும் நினைவுகூர்வர்; அது மடத்து அடுக்களை என்பதால் தனியே ஆராயத்தக்கது.

சட்டம் சமையலறைக்குள் வந்தது

திருக்குறளின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை உண்பவனை நோக்கியது. மணிமேகலையில் நாகர் தலைவன் தரும் கள்ளைச் சாதுவன் மறுப்பதும் உண்ணல் பற்றியதே. ஆக்கும் அடுக்களையை நோக்கிக் கைந்நீட்டியது காலனிய வரிச்சட்டம். 1886-ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டமும் 1909-ஆம் ஆண்டு வங்காள ஆயத்தீர்வைச் சட்டமும் ஆக்குதல், வைத்திருத்தல், விற்றல் அனைத்தையும் உரிமத்துக்கு உட்படுத்தின. அறம் இச்சட்டங்களின் முதல் நோக்கமன்று. வருவாயே முதல் நோக்கம். வங்காளத்தில் பழங்குடியினர் தம் வீட்டுத் தேவைக்குப் பச்சாய் ஆக்குவதற்குத் தனி ஏற்பாடு செய்யவேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது. ஏனெனில் அது வழிபாட்டோடும் சடங்கோடும் பிணைந்தது. தமிழகத்தின் இல்லடு கள்ளுக்கு அவ்வாறு வாதாட எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, வரிச்சட்டம் மிச்சம் வைத்ததையும் மூடியது. மதுவிலக்குப் பின்னர்ப் பலமுறை தளர்ந்தும் இறுகியும் வந்துள்ளது. 1983-இல் அரசு வாணிபக் கழகம் தோன்றி, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குச் சென்றது. இக்காலம் முழுவதும் வீட்டில் ஆக்குதல் மட்டும் குற்றமாகவே நீடிக்கிறது. கேரளத்தில் 2019 டிசம்பரில் ஆயத்தீர்வைத் துறை கிறித்துமசு வீட்டு ஒயினும் சட்டப்படி குற்றமே என நினைவூட்டியபோது எழுந்த சலசலப்பு, அடுக்களையும் சட்டமும் இன்னும் ஒன்றையொன்று ஏற்கவில்லை என்பதைக் காட்டிற்று.

இதனைக் கூறுவதால் சட்டம் தேவையற்றது என்பது பொருளன்று. 2011 டிசம்பரில் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் சங்கிராம்பூரில் ஏறத்தாழ 170 பேரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரும் நச்சுச் சாராயத்தால் மாண்டனர். இரண்டிடத்தும் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைப் பொருளாகிய அது சாராயத்தில் கலந்து ஏழையர் கைக்கு வந்தது. தானியமும் பழமும் இட்ட சாடியில் நொதித்தல் இவ்வாறு கொல்லாது. காய்ச்சி வடித்தலும் கலப்படமும் வேறு வகையின. கள் அடுதல், கள் இறக்குதல், சாராயம் காய்ச்சுதல் என மூன்று வினைகளால் தமிழ் பிரித்துவைத்திருந்ததை, மது என்னும் ஒரு சொல்லில் அடக்கியபோது இவ்வேறுபாடு பொதுமக்கள் பேச்சிலிருந்தே மறைந்தது. வங்காளியிலும் சோலாய் என்பது வடித்த கள்ளச் சாராயத்தை மட்டுமே சுட்டும். பச்சாயை எவரும் சோலாய் என்பதில்லை.

மருந்து என்னும் பெயரில் சட்டத்தின் விளிம்பில் நின்றவை ஆசவமும் அரிஷ்டமும். காட்டாத்திப்பூ சேர்த்துத் தாமே நொதிக்கவிடப்படும் இவை 1955-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் ஆயத்தீர்வைச் சட்டத்தால் தனியே கணக்கிடப்பட்டன. 1884-இல் கல்கத்தாவில் பர்மன் என்னும் மருத்துவர் தொடங்கிய டாபர் போன்ற நிறுவனங்களால் கவிராஜரின் சாடி ஆலைக்கு இடம்பெயர்ந்தது. 1901-இல் நிறுவனமாக உருப்பெற்ற பெங்கால் கெமிக்கல்சின் நிறுவனர் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய் (1861–1944) இவ்வகையில் நம் கவனத்துக்குரியவர். வாசகச் சிரப்பும் ஓம நீரும் அந்நிறுவனத்தின் தொடக்ககால ஆக்கங்களுள் அடங்கும். வாசகம் நம் ஆடாதோடை. எனவே அச்சிரப்பு ஆடாதோடை மணப்பாகேதான். 1902-இலும் 1909-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது இந்து வேதியியல் வரலாறு, பழைய இரசநூல்களில் உள்ள வாலை முதலிய கருவிகளை விளக்குகிறது. சித்த நூல்களின் தீநீர் முறைகளை ஆராய்வோர் அந்நூலை உடன்வைத்துப் படித்தல் பயன்தரும்.

முந்நீர்

கல்லூரிச் சதுக்கத்தை ஒட்டி 1918-இல் தொடங்கப்பட்ட பாரமவுண்ட் என்னும் சர்பத்துக் கடை இன்றும் நடைபெறுகிறது. தேசிய இயக்கத்தார் கூடிய இடம் என்பதால் ஆங்கில அரசின் பார்வைக்கு அது உள்ளானது என்றும், அதன் புகழ்பெற்ற 'டாப் சர்பத்'தின் செய்முறையை வகுத்துக் கொடுத்தவர் பிரபுல்ல சந்திர ராயே என்றும் கடையின் மரபுவழிச் செய்தி கூறுகிறது. இளநீர், பாகு, பனிக்கட்டி, மேலே மிதக்கும் இளந்தேங்காய் வழுக்கை. பருகியோர் மறவார்.

இதனைப் புறநானூற்றின் 24-ஆம் பாடலோடு ஒப்பிடத் தோன்றுகிறது. பனை நுங்கின் நீர், கரும்பின் சாறு, தாழையாகிய தெங்கின் இளநீர் என்னும் மூன்றையும் கலந்து நெய்தல் நிலத்து மகளிர் பருகுவதாக மாங்குடி கிழார் பாடுகிறார். பருகிய பின் கடலில் பாய்கின்றனர். மூன்று நீர் கலந்த பானமும் முந்நீர், பாயும் கடலும் முந்நீர் என்னும் சொல்நயத்தை உரையாசிரியர்கள் சுட்டாமல் விட்டதில்லை. இப்பாடல் ஒன்றிலேயே மூன்று குடிவகைகள் இருப்பது அத்துணைக் கவனம் பெறவில்லை. திமில் ஓட்டும் பரதவர் உண்பது வெம்மை மிக்க மட்டு. குரவை ஆடுதற்குரிய தொழிலாளர் குடி அது. மகளிர் பருகுவது புளிக்காத முந்நீர். இறுதியில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தருவது மணமும் தண்மையும் உடைய தேறல், அதாவது தெளிந்தது. வடிகட்டாதது, புளிக்காதது, தெளிந்தது என மூன்று நிலைகளும் மூன்று மாந்தர்க்கு உரியனவாக ஒரே பாட்டில் வருகின்றன. அவற்றுள் எதனையும் புலவர் இழித்துக் கூறவில்லை. கலந்து பருகும் மகளிரும் ஏந்தித் தரும் மகளிரும் பாட்டில் இருக்கின்றனர். ஆக்கியவர் யார் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. அதற்கு நாம் பெரும்பாணாற்றுப்படையின் 339-ஆம் அடிக்கே மீண்டும் செல்லவேண்டியிருக்கிறது.